பீனியா பட்டறைக்கு வந்த விலைப்பட்டியல்: ஒரு ட்ரோஜன் நிகழ்வு ஆய்வு

2022 ஜூலை 14, வியாழக்கிழமை. காலை ஏழு மணிக்கு பெங்களூரு பீனியாவிலிருந்து போன்.

"தம்பி, ராத்திரி ரெண்டே முக்காலுக்கு போன்ல ஓடிபி வந்து கிடக்குதுங்க. நான் தூங்கிட்டு இருக்கறேன். எவன் என் பேங்க்கைத் திறக்கறான்?"

பேசியவர் பதினான்கு பேர் வேலை பார்க்கும் ஒரு லேத் பட்டறையின் உரிமையாளர். கோவைக்காரர். பெங்களூருக்கு வந்து முப்பது வருடத்துக்கு மேல் ஆகிறது. பம்பு கம்பெனிகளுக்கு ஷாஃப்ட், புஷ் கடைந்து கொடுக்கிறார். அவருடைய ஆபீஸ் கம்ப்யூட்டர்களை நான்கைந்து வருடமாக நான்தான் பார்த்து வருகிறேன். ஓடிபி வந்ததை பேங்க்கின் கோளாறு என்றுதான் அவர் நினைத்தார். எனக்கு அப்படித் தோன்றவில்லை. யூசர் பெயரும் பாஸ்வேர்டும் சரியாகப் பொருந்திய பிறகுதான் ஓடிபி புறப்படும். அப்படியானால் முதல் பூட்டை யாரோ ஏற்கெனவே திறந்துவிட்டார்கள், இரண்டாம் பூட்டு மட்டும் தாங்கி நிற்கிறது.

"நெட் பேங்க்கிங் வேறு எங்கே திறப்பீங்க?" என்று கேட்டேன். ஆபீஸில் கணக்கு பார்க்கும் பெண் மட்டும்தான் திறப்பார், அந்த ஒரே மெஷினில்தான், பாஸ்வேர்டு குரோமிலேயே சேமித்திருக்கிறது என்றார். ஸ்ரீராமபுரத்தில் மெட்ரோ ஏறி ஒன்பது மணிக்கு பட்டறைக்குப் போய்விட்டேன்.

மெஷினில் பார்வைக்கு எந்தக் குறையும் இல்லை. விண்டோஸ் 10, எட்டு ஜிபி ராம், டேலி, டிராயிங் பார்க்கும் ஒரு சாஃப்ட்வேர், அவுட்லுக். வேகம் குறையவில்லை. விளம்பரம் எதுவும் குதித்து வரவில்லை. விண்டோஸ் டிஃபெண்டர் பச்சை டிக்கோடு 'எல்லாம் நலம்' என்றது. வைரஸ் என்றால் கம்ப்யூட்டர் தள்ளாட வேண்டும் என்ற நினைப்பு நம் ஊர்களில் இன்னும் போகவில்லை. திருட வந்த ட்ரோஜனுக்கு அந்த மெஷின் நன்றாக ஓடுவதுதான் வேண்டும். வைரஸ் தன்னைத் தானே மற்ற ஃபைல்களில் ஒட்டிக்கொண்டு பரவும், வோர்ம் நெட்வொர்க் வழியாகத் தானே தாவும். ட்ரோஜனுக்கு அந்தச் சக்தி கிடையாது. ட்ராய் நகரத்து மரக்குதிரையைப் போல வீட்டுக்காரரே கதவைத் திறந்து உள்ளே இழுத்து வைக்க வேண்டும்.

முறைப்படி பார்த்தால் முதல் வேலை நெட்வொர்க் வயரைப் பிடுங்குவது. அன்று நான் ஐந்து நிமிடம் பொறுத்தேன். இதைப் படிக்கிற யாரும் அப்படிச் செய்ய வேண்டாம், சந்தேகம் வந்தால் வயரைக் கழற்றிவிடுங்கள், மெஷினை ஆஃப் செய்யாதீர்கள். நான் பொறுத்ததற்குக் காரணம், எது யாரோடு பேசுகிறது என்பதை அது பேசிக்கொண்டிருக்கும்போதே பார்க்க விரும்பினேன். எந்தப் புரோகிராம் எந்த சர்வரோடு பேசுகிறது என்று காட்டும் கருவி டிசிபிவியூ. எழுத முடியாதபடி பூட்டுள்ள பென்டிரைவில் வைத்திருக்கும் அதை ஓட்டினேன். அவுட்லுக், குரோம், டேலி எல்லாவற்றையும் மூடியாயிற்று. நான்காவது நிமிடம் ஒரு வரி தோன்றியது: ரெக்எஸ்விசிஎஸ் என்ற புரோகிராம், வெளியூர் சர்வர் ஒன்றின் 587ஆம் போர்ட்டுக்கு இணைப்பு. அப்போதே வயரைப் பிடுங்கினேன்.

அந்த ஒரு வரியிலேயே கதை பாதி தெரிந்துவிட்டது. 587 என்பது மெயில் அனுப்பும் வாசல். ரெக்எஸ்விசிஎஸ் என்பது டாட்நெட் என்ற மைக்ரோசாஃப்டின் புரோகிராம் தளத்தில் எழுதிய கூறுகளைப் பதிவு செய்ய மைக்ரோசாஃப்ட் விண்டோஸோடு தரும் சின்னக் கருவி. புரோகிராமர் கூப்பிட்டால் ஓடி, வேலையை முடித்து, உடனே நின்றுவிடும். பில் போடும் மெஷினில் அது மணிக்கணக்காக ஓட வேண்டியதே இல்லை, யாருக்கும் மெயில் அனுப்ப வேண்டியதும் இல்லை. டிஸ்க்கில் இருந்த அந்த ஃபைலைச் சோதித்தேன். அசல்தான், மைக்ரோசாஃப்டின் டிஜிட்டல் கையெழுத்து சரியாக இருந்தது. கெட்டது அந்த ஃபைலில் இல்லை, மெமரியில் இருந்தது.

சித்தர் கதைகளில் கூடுவிட்டுக் கூடு பாய்தல் என்று கேட்டிருப்போம். இது அப்படியே அதுதான். ட்ரோஜன் முதலில் நல்ல பெயருள்ள ஒரு புரோகிராமை உறங்கும் நிலையில் தொடங்கும். மெமரியில் அதன் உள்ளடக்கத்தைக் காலி செய்யும். அந்த இடத்தில் தன் நிரலை எழுதிவிட்டு எழுப்பிவிடும். டாஸ்க் மேனேஜரில் பார்த்தால் உடல் மைக்ரோசாஃப்டுடையது, உள்ளே இருக்கும் உயிர் திருடனுடையது.

அடுத்து ஆட்டோரன்ஸ். விண்டோஸ் கிளம்பும்போது தானாக எழும் எல்லாவற்றையும் காட்டும் கருவி அது. மைக்ரோசாஃப்ட் கையெழுத்துள்ளவற்றை மறைத்துவிட்டுப் பார்த்தால் பட்டியல் சுருங்கிவிடும். டாஸ்க் ஷெட்யூலரில் 'அப்டேட்ஸ்' என்ற ஃபோல்டர். அதற்குள் அர்த்தமில்லாத எழுத்துகளைக் கோத்து வைத்த ஒரு டாஸ்க். யூசர் லாகின் ஆனதும் ஆப்டேட்டாவின் ரோமிங் ஃபோல்டரில் உள்ள, அதேபோல் பெயர் கொண்ட ஓர் இஎக்ஸ்இயை, அதாவது புரோகிராம் ஃபைலை, ஓட்டச் சொல்கிறது. அந்த ஃபைலின் கைரேகை போன்ற ஹேஷ் எண்ணை மட்டும் எடுத்து, பல ஆன்டிவைரஸ்களின் தீர்ப்பை ஒரே இடத்தில் காட்டும் வைரஸ்டோட்டல் தளத்தில் என் போனிலிருந்து தேடினேன். வாடிக்கையாளரின் ஃபைலை அப்படியே ஏற்றுவதில்லை என்பது என் வழக்கம், ஹேஷ் போதும். பல ஆன்டிவைரஸ்கள் ஒரே பெயரைச் சொன்னன: ஏஜென்ட் டெஸ்லா.

2014 முதல் சுற்றிக்கொண்டிருக்கும் டாட்நெட் ட்ரோஜன் அது. சந்தா கட்டினால் யார் வேண்டுமானாலும் வாங்கிப் பயன்படுத்தலாம் என்ற கணக்கில் விற்கப்பட்டது. விசைப்பலகையில் அடிப்பதைப் பதிவு செய்யும், திரையைப் படம் பிடிக்கும், கிளிப்போர்டில் நகல் எடுப்பதைக் கவனிக்கும், பிரவுசரிலும் மெயில் மென்பொருளிலும் ஃபைல் அனுப்பும் எஃப்டிபி மென்பொருளிலும் சேமித்த பாஸ்வேர்டுகளை வாரிக்கொள்ளும். சேர்த்ததை மெயிலாகவோ, எஃப்டிபி வழியாகவோ, டெலிகிராம் வழியாகவோ அனுப்பும். இங்கே மெயில்.

குரோம் பாஸ்வேர்டுகளைப் பூட்டித்தானே வைக்கிறது என்று முதலாளி கேட்டார். பூட்டித்தான் வைக்கிறது. ஆனால் அந்தக் காலத்தில் அதன் சாவியை விண்டோஸ் அந்த யூசரின் பெயரில் வைத்திருந்தது. அதே யூசராக ஓடும் எந்தப் புரோகிராம் கேட்டாலும் விண்டோஸ் சாவியைக் கொடுத்துவிடும். கேட்பது குரோமா, வேறொன்றா என்று பார்க்காது. 2024இல்தான் குரோம் 127 இதற்கு ஒரு கூடுதல் தடை போட்டது. சில மாதங்களிலேயே திருட்டு மென்பொருள்கள் அதைச் சுற்றியும் வழி தேடின. நெட் பேங்க்கிங் பாஸ்வேர்டை பிரவுசரில் சேமிக்காதீர்கள் என்று நான் ஒவ்வொரு வீட்டிலும் மன்றாடுவது இதனால்தான்.

இனி அது உள்ளே வந்த கதை.

டிஃபெண்டரின் நிகழ்வுப் பதிவில் 5007 என்ற எண் இருக்கும். டிஃபெண்டரின் அமைப்பை யாராவது மாற்றினால் விழும் பதிவு அது. ஜூலை 5, செவ்வாய், காலை 11:23க்கு ஒரு 5007 இருந்தது. ரோமிங் ஃபோல்டரில் இருந்த அந்த இஎக்ஸ்இயை 'இதைச் சோதிக்காதே' என்ற விலக்குப் பட்டியலில் யாரோ சேர்த்திருந்தார்கள். காவல்காரனிடமே 'இந்த அறைப் பக்கம் போகாதே' என்று எழுதி வாங்கிவிட்டார்கள். பச்சை டிக் அதனால்தான். அதே நாள் அவுட்லுக்கில் 11:20க்கு என்ன திறந்தது என்று பார்த்தேன். கோவை கணபதியில் உள்ள ஒரு ஃபவுண்ட்ரியிலிருந்து மெயில். இவர்களுக்கு வருடக்கணக்காக வார்ப்படம் அனுப்புகிறவர்கள். போன மாதம் நடந்த பேச்சின் தொடர்ச்சியாகவே பதில் வந்திருந்தது. திருத்திய விலைப்பட்டியல் இணைப்பில், இன்றே உறுதி செய்யவும்.

கணக்கு பார்க்கும் பெண் தலையைக் குனிந்துகொண்டு நின்றிருந்தார். காலையிலிருந்து முதலாளி அவரைத் திட்டியிருக்கிறார் என்பது முகத்திலேயே தெரிந்தது. நான் முதலாளியிடம் சொன்னேன்: "அண்ணா, அட்ரஸ் நிஜ அட்ரஸ். பேச்சு நிஜப் பேச்சு. விலைப்பட்டியல் வர வேண்டியதும் நிஜம். நானா இருந்தாலும் திறந்திருப்பேன்." ஆறுதலுக்காகச் சொன்னதல்ல. ஃபவுண்ட்ரியின் மெயில் பெட்டியே திருடன் கையில் இருந்தது. பழைய கடிதங்களைப் படித்து, அதற்குப் பொருத்தமாகப் பதில் போட்டிருக்கிறான். 'தெரியாதவர் மெயிலைத் திறக்காதே' என்ற அறிவுரை இங்கே எதற்கும் உதவாது.

இணைப்பு ஓர் ஐஎஸ்ஓ ஃபைல். ஒரு சிடி முழுவதையும் ஒரே ஃபைலாக மாற்றி வைப்பதைப் போல. விண்டோஸ் 8 முதல், இரட்டைக் கிளிக் செய்தால் போதும், அது புது டிரைவாகத் திறந்துகொள்ளும். நெட்டிலிருந்து இறங்கும் ஃபைலில் 'இது வெளியிலிருந்து வந்தது' என்று விண்டோஸ் ஒரு முத்திரை குத்தும். எச்சரிக்கைப் பெட்டி வருவது அதைப் பார்த்துத்தான். ஐஎஸ்ஓவின் மேல் குத்திய முத்திரை அதற்குள் இருக்கும் ஃபைல்களுக்குப் போகாது என்ற ஓட்டை அப்போது இருந்தது. 2022 நவம்பரில்தான் மைக்ரோசாஃப்ட் அதை அடைத்தது. எங்கள் நிகழ்வுக்கு நான்கு மாதம் கழித்து. உள்ளே இருந்தது ஒரே ஃபைல், சிவப்பு பிடிஎஃப் படம் போட்டது, பெயரும் 'பிடிஎஃப்' என்று முடிகிறது. உண்மையில் அதற்குப் பின்னால் இன்னொரு புள்ளியும் இஎக்ஸ்இயும் இருந்தன. விண்டோஸ் தனக்குத் தெரிந்த ஃபைல் வகைகளின் கடைசி எழுத்துகளை மறைத்தே காட்டும், யாரும் மாற்றாவிட்டால் அதுதான் வழக்கம். எத்தனையோ வருடமாக இப்படியே விட்டிருப்பதில் எனக்குக் கோபம் உண்டு. அந்தப் பெண்ணுக்கு மூன்றே எழுத்தைக் காட்டியிருந்தால் அவர் நின்றிருப்பார்.

கிளிக் செய்ததும் ஒன்றும் திறக்கவில்லை. ஃபைல் கெட்டுப்போயிருக்கும் என்று விட்டுவிட்டார். அதற்குள் பின்னால் விண்டோஸின் கட்டளைக் கருவியான பவர்ஷெல் ஓடி விலக்குப் பட்டியலை மாற்றிவிட்டது. அதற்கு அட்மின் உரிமை வேண்டுமே? அந்த மெஷினில் எல்லோரும் அட்மின்தான். 'மாற்றம் செய்ய அனுமதிக்கிறீர்களா' என்று கேட்கும் யூஏசியையும் டிராயிங் சாஃப்ட்வேர் போட வந்த யாரோ ஒருவர் அடிவரை இறக்கி வைத்துவிட்டுப் போயிருந்தார். அதை நான் முன்பே கவனித்து ஏற்றியிருக்க வேண்டும்.

நீக்கிய முறையைச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஏனெனில் அது சுலபமான பகுதி. ரெக்எஸ்விசிஎஸ்ஸை, ஓடும் புரோகிராம்களைக் காட்டும் புராசஸ் எக்ஸ்புளோரரில் முதலில் உறைய வைத்தேன். நேரடியாகக் கொன்றால் சில ட்ரோஜன்களில் கூட்டாளிப் புரோகிராம் உடனே மறுபடி எழுப்பிவிடும். டாஸ்க்கை நீக்கினேன். இஎக்ஸ்இயை பாஸ்வேர்டு போட்ட ஜிப்பில் சாட்சிக்கு எடுத்துக்கொண்டு மூலத்தை அழித்தேன். விலக்குப் பட்டியலைக் காலி செய்தேன். பிறகு உறைந்ததைக் கொன்று, டிஃபெண்டரின் ஆஃப்லைன் ஸ்கேன் ஓட்டினேன். விண்டோஸ் கிளம்புவதற்கு முன்பே தேடுவதால் ஒளிந்துகொள்ள இடம் இருக்காது. அதன்பின் வேறொரு கம்பெனியின் ஸ்கேனர். இரண்டும் சுத்தம் என்றன. யூசர்களைச் சாதாரண உரிமைக்கு இறக்கி, யூஏசியை ஏற்றி, ஃபைல் பெயரின் கடைசி எழுத்துகளான எக்ஸ்டென்ஷன் தெரியும்படி வைத்தேன்.

டிஸ்க்கை முழுதாக அழித்து விண்டோஸை மறுபடி ஏற்றலாம் என்றேன். டிராயிங் சாஃப்ட்வேரின் லைசென்ஸ் போய்விடும், வெள்ளிக்கிழமை டெலிவரி இருக்கிறது என்றார் முதலாளி. ஒப்புக்கொண்டேன். பாஸ்வேர்டுகளை மட்டும் அந்த மெஷினில் மாற்ற விடவில்லை. முதலாளியின் போனிலிருந்து பேங்க், மெயில், ஜிஎஸ்டி, இ-வே பில் என்று ஒவ்வொன்றாக மாற்றினோம். அவுட்லுக்கில், மெயிலைத் தானாக நகர்த்தும் சந்தேகமான ரூல் எதுவும் இருக்கிறதா என்றும் பார்த்தேன், இல்லை. மாலை ஐந்து மணிக்கு "முடிஞ்சுதுண்ணா" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

முடியவில்லை.

ஜூலை 26, செவ்வாய் மதியம் மறுபடி போன். புனேயில் உள்ள பம்பு கம்பெனி ஒன்று 3,84,000 ரூபாய் தர வேண்டியிருந்தது. கேட்பதற்காக முதலாளி போன் செய்திருக்கிறார். "நேத்தே போட்டாச்சே, நீங்க சொன்ன புது அக்கவுண்டுக்கு" என்றிருக்கிறார்கள்.

எந்தப் புது அக்கவுண்ட்? 22ஆம் தேதி வெள்ளி மாலை பட்டறையின் பெயரில் புனேக்கு ஒரு மெயில் போயிருக்கிறது. பழைய கணக்கில் ஆடிட் நடக்கிறது, இந்தத் தவணையை மட்டும் கீழ்க்கண்ட கணக்கில் செலுத்தவும். லெட்டர்ஹெட் அசல், இன்வாய்ஸ் எண் அசல், தொகை பைசா சுத்தமாக அசல். அனுப்பிய முகவரியில் மட்டும் ஓர் எம் எழுத்து இருக்க வேண்டிய இடத்தில் ஆர், என் இரண்டையும் ஒட்டி எழுதியிருந்தது. சின்ன எழுத்தில் பார்த்தால் கண்ணுக்குத் தெரியாது.

புனே அக்கவுண்டன்ட் நல்ல எச்சரிக்கைக்காரர். அந்த மெயிலுக்குப் பதில் போடாமல், தன் முகவரிப் புத்தகத்திலிருந்து பட்டறையின் அசல் முகவரிக்குத் தனியாக ஒரு மெயில் போட்டு, பேங்க் அக்கவுண்ட் மாறியது உண்மையா என்று கேட்டிருக்கிறார். அவர் செய்ததில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அந்த மெயில் பட்டறை அவுட்லுக்கில் வரவே இல்லை. சில மணி நேரத்தில் அந்த ஆர்-என் முகவரியிலிருந்து 'ஆம், உறுதி செய்கிறோம்' என்று பதில் போய்விட்டது.

என் நெஞ்சு படபடத்தது. பாஸ்வேர்டு மாற்றியாயிற்று, ட்ரோஜன் போயாயிற்று. பிறகு எப்படிப் படிக்கிறான்?

முதலில் செய்ய வேண்டியதைச் செய்தோம். புனேக்காரரை அந்த நிமிடமே 1930க்கு அழைக்கச் சொன்னோம். பணம் சம்பந்தப்பட்ட சைபர் மோசடிக்கு மத்திய அரசின் உதவி எண் அது. புகார் பதிவானதும் பணம் போய்ச் சேர்ந்த பேங்க்குகளுக்கு நேரடியாகத் தகவல் போகும், எடுக்கப்படாத தொகையை நிறுத்தி வைப்பார்கள். 1,46,000 ரூபாய் நின்றது. மீதி அதற்குள் வேறு கணக்குகளுக்குக் கைமாறிவிட்டது. முதல் நாளே தெரிந்திருந்தால் இன்னும் அதிகம் நின்றிருக்கும்.

பிறகு பிரவுசரில் வெப்மெயிலைத் திறந்தேன். பட்டறையின் மெயில் ஒரு ஹோஸ்டிங் கம்பெனியின் சர்வரில் இருக்கிறது. ஆபீஸில் அவுட்லுக்கை மட்டுமே பயன்படுத்துவார்கள், வெப்மெயிலை யாரும் திறப்பதே இல்லை. செட்டிங்ஸில் ஃபில்டர் என்று ஒரு பக்கம் இருந்தது. அதில் இரண்டு ஃபில்டர். முதலாவதன் பெயர் ஒரு புள்ளி. இரண்டாவதன் பெயர் இரண்டு புள்ளி. இன்வாய்ஸ், பேமெண்ட் என்ற சொற்கள் தலைப்பில் இருந்தால் வெளியே உள்ள ஒரு முகவரிக்கு நகல் அனுப்பு என்றது முதலாவது. பேங்க், அக்கவுண்ட் என்ற சொற்கள் இருந்தால் நகலையும் அனுப்பிவிட்டு, மெயிலை ட்ராஷுக்குத் தள்ளு என்றது இரண்டாவது.

பட்டறை அவுட்லுக் பாப்3 முறையில் மெயில் எடுக்கிறது. பாப்3 இன்பாக்ஸை மட்டும்தான் எடுக்கும், சர்வரில் ட்ராஷ் என்று ஒரு ஃபோல்டர் இருப்பதே அதற்குத் தெரியாது. ட்ராஷைத் திறந்தேன். புனே அக்கவுண்டன்டின் கேள்வி அங்கே கிடந்தது, படிக்கப்படாமல்.

நான் அன்று பார்த்தது அவுட்லுக்கின் ரூல்கள். அவை மெஷினில் இருப்பவை. இவை சர்வரில் இருப்பவை. திருடன் முதல் சில நாட்களுக்குள்ளேயே, கையில் கிடைத்த பாஸ்வேர்டைக் கொண்டு வெப்மெயிலில் நுழைந்து இவற்றை எழுதி வைத்துவிட்டான். அதன்பின் அவனுக்குப் பாஸ்வேர்டே தேவையில்லை. நான் எத்தனை முறை பாஸ்வேர்டு மாற்றினாலும், எத்தனை ஸ்கேனர் ஓட்டினாலும், அந்த இரண்டு புள்ளிகளும் தங்கள் வேலையைப் பார்த்துக்கொண்டே இருந்தன. ட்ரோஜன் மெஷினில் இருந்தது ஒன்பது நாள். அது திறந்துவிட்ட வழி இருந்தது அதற்கும் மேல் பன்னிரண்டு நாள். நான் மெஷினைச் சுத்தம் செய்தேன், மெயில் பெட்டியைச் சுத்தம் செய்யவில்லை. 2,38,000 ரூபாய் போனதில் என் பங்கு உண்டு என்று முதலாளியிடம் நேராகவே சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "இப்ப என்ன பண்ணணும்னு சொல்லுங்க தம்பி" என்றார்.

இந்த முறை நேரம் கேட்கவில்லை. எஸ்.பி. ரோட்டில் புது எஸ்எஸ்டி வாங்கி, விண்டோஸைப் புதிதாக ஏற்றினேன். பழைய டிஸ்க்கைக் கழற்றி உறையில் போட்டு, போலீஸ் கேட்டால் கொடுக்கும்படி பீரோவில் வைத்தோம். டிராயிங் சாஃப்ட்வேர் கம்பெனியிடம் பேசினால் லைசென்ஸை மாற்றிக் கொடுத்துவிட்டார்கள். அதற்காகவா அன்று தள்ளிப்போட்டோம் என்று எனக்கு வருத்தமாகவே இருந்தது. மெயிலை இரண்டாம் பூட்டு உள்ள சேவைக்கு மாற்றினோம். எல்லா இன்வாய்ஸிலும் அடியில் கன்னடத்திலும் ஆங்கிலத்திலும் ஒரு வரி சேர்ந்தது: எங்கள் வங்கிக் கணக்கு மாற்றத்தை மெயிலில் தெரிவிக்க மாட்டோம், உங்களிடம் உள்ள பழைய போன் எண்ணில் பேசி உறுதி செய்யுங்கள். அதை எழுதிக் கொடுத்தது கணக்கு பார்க்கும் அந்தப் பெண். போன பணத்தை புனே கம்பெனியும் பட்டறையும் பாதிப் பாதியாக ஏற்றன. வழக்கு நடக்கிறது.

ஒரு வேலை மிச்சமிருந்தது. ஜூலை 14ஆம் தேதியே முதலாளி கணபதி ஃபவுண்ட்ரிக்குப் போன் செய்து, உங்கள் மெயிலிலிருந்து வைரஸ் வருகிறது என்று சொல்லியிருந்தார். ஆன்டிவைரஸ் போட்டு எடுத்துவிட்டோம் என்று அவர்கள் பதில் சொன்னார்கள். நாங்களும் அதோடு விட்டிருந்தோம். 28ஆம் தேதி நானே கூப்பிட்டேன். அங்கே மெயில் பார்க்கும் அண்ணன் போனை எடுத்தார்.

"அண்ணா, கம்ப்யூட்டரை விடுங்க. பிரவுசர்ல வெப்மெயிலைத் திறங்க. செட்டிங்ஸ்ல ஃபில்டர்னு ஒரு பக்கம் இருக்கும், அங்க போங்க."

கீபோர்டு சத்தம் கேட்டது. பிறகு கொஞ்ச நேரம் ஒன்றும் கேட்கவில்லை.

"பேர் எதுவும் இல்லீங்களே. வெறும் புள்ளிதான் இருக்குதுங்க."